ஈரக்கழிவு

இரவு ஒன்பது மணிக்குக்
கட்டபெட்டுத் தொழிற்சாலையின் கணக்கறைத் திரையில்
அதே பெட்டி:
தேவையான கூறு காணப்படவில்லை.
எந்தக் கூறு என்று சொல்லவில்லை.
வண்டி கிளம்பிய பிறகு
யாரோ ஏறலை என்று கத்தும் கண்டக்டர் மாதிரி.

விடிந்தால் இலைப்பணம்.
எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் வருவார்கள்.
கணக்கர் ஆல்துரை மப்ளருக்குள்ளிருந்து சொன்னார்:
"ரீஸ்டார்ட் மூணு தடவை பண்ணியாச்சும்மா."
மூன்று தடவை என்பது
அவரளவில் ஒரு விரதம்.

நான் மலையேறி வந்தபோது
குஞ்சப்பனைக்கு மேலே ஒரு காட்டுமாடு
சாலையை அடைத்து நின்றது.
ஹாரன் அடிக்கவில்லை.
அதற்காகத் தோன்றி விலகும்வரை
விளக்கைத் தணித்து உட்கார்ந்திருந்தேன்.
இந்த வேலைக்கு வேண்டிய பயிற்சி
அநேகமாக அது ஒன்றுதான்.

முதலில் பதிப்பெண். பிறகு பாதை. பிறகு அனுமதி.
வெள்ளிக்கிழமை
பழைய சர்வரைக் காலி செய்து
புதியதில் குடியேற்றியிருக்கிறார்கள்.
பாத்திரம் பண்டம் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது,
ஏதோ ஒரு கரண்டி தவிர.

லாக் ஃபைலில் ஆறாயிரம் வரி.
கீழே சி.டி.சி. எந்திரம் இலை நசுக்கும் அதிர்வு
தரை வழியாக நாற்காலிக்கு ஏறி
என் முழங்காலில் தங்கியது.
நாலாயிரத்து முப்பத்தொன்றாவது வரி
ஒருவழியாகப் பெயர் சொன்னது:
ஈரக்கழிவு, பதிப்பு ஒன்று புள்ளி இரண்டு.

யார் எழுதியது?
"குன்னூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன்.
நல்லா டீ குடிப்பான்.
கனடா போயிட்டான்."

எடைக்கூடத்தில் பழைய கம்ப்யூட்டர்
சாக்குக்கு அடியில் கிடந்தது.
விசிறி இறக்கையெங்கும் தேயிலைத் தூள்,
மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை.
எடைபோடும் சகாயநாதன் டார்ச் பிடித்தான்.
சுவிட்சைப் போட்டதும் இருமி
மெல்ல விழித்தது.
இருந்தது. அறுபத்து நான்கு கேபி.
பக்கத்திலேயே அதன் மூலநிரலும்.

கொண்டுவந்து வைத்தேன். பதிவு செய்தேன்.
பெட்டி மறைந்தது.
பட்டுவாடாப் பட்டியல் பிரின்டரில் ஓட ஆரம்பித்தது.
ஆல்துரை மப்ளரை அவிழ்த்தார்.

அப்போதே எழுந்திருக்கலாம்.
விரல் விறைத்திருந்தது, சும்மா இருந்தால் வலித்தது,
மூலநிரலைத் திறந்து படித்தேன்.

மழையென்றால் நூற்றுக்கு எட்டுக் கழி.
சரிதான்.
நனைந்த இலை தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கும்.
ஆனால்
மழையா என்று கேட்க வேண்டிய வரி
யாரையும் கேட்காமல்
தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது:
ஆம்.
சோதித்துப் பார்க்க எழுதி
அழிக்க மறந்த ஆம்.

உறைபனியில் கொழுந்து கருகிய ஜனவரியிலும் ஆம்.
ஒன்பது வருடம்
இந்த மலையில் ஒரு நாள் விடாமல் மழை.

நானூற்றுப் பதினேழாம் எண்,
லிங்கி பெள்ளன், தும்மனட்டி, முக்கால் ஏக்கர்.
மார்ச் ஆறாம் தேதி நாற்பத்திரண்டு கிலோ.
கழிவு: மூன்று கிலோ முன்னூற்று அறுபது கிராம்.
சகாயநாதனைக் கேட்டேன்,
அன்னைக்கு மழையா?
"மார்ச்சுலயா?
பைப்புலயே தண்ணி வரலை மேடம்."

"எரர் போயிடுச்சில்ல?" என்றார் ஆல்துரை.
போயிடுச்சு.
"அப்புறம் என்ன?"

பிரின்டரை நிறுத்தினேன்.
நாற்பதாம் பக்கம் பாதி உள்ளே, பாதி வெளியே.
அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மப்ளரை மறுபடி சுற்றிக்கொண்டு
முதலாளியின் எண்ணைத் தேடினார்,
தேடிக்கொண்டே இருந்தார்.

டிக்கெட்டில் காரணம் என்றொரு கட்டம்.
இருநூறு எழுத்துக்குள் எழுத வேண்டும்.
நிலை: தீர்ந்தது, தீரவில்லை.
இரண்டையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து
இருட்டுக்குள் கை நீட்டினேன்.

இன்றைக்குப் பாருங்கள்,
நிஜமாகவே தூறல்.